பாடம் சொதப்பினால் மேரி டீச்சரிடம் சொல்வோம்

மேரி டீச்சர் போய்விட்டார்.

காலையில் இரண்டாவது பீரியட். சைலன்ட்டில் போட்டிருந்த போன் மேசை மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் எங்கள் டீச்சர்கள் வாட்ஸப் குரூப்பில் அவர் தம்பி போட்ட ஒரே ஒரு வரி...

போர்டில் பாதி எழுதிய வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பிள்ளைகள் "மிஸ்... மிஸ்..." என்று கூப்பிட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரோக்கியமேரி, கம்மாபுரம் பக்கம் ஒரு சின்ன நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீடு மந்தாரக்குப்பம். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் தமிழ் டீச்சர். கிட்டத்தட்ட ஒரே வயது.

ஒரு ட்ரெயினிங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆளாளுக்குத் தங்கள் வகுப்பைப் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

டீ குடிக்கும்போது மேரி டீச்சர் மெதுவாகக் கேட்டார். "நல்லா நடந்ததையே பேசிகினு இருக்கோமே டீச்சர்... சொதப்புனத யாருகிட்ட போய் சொல்றது?"

சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது அப்படித்தான். மந்தாரக்குப்பத்தில் அவர் வீட்டு ஹால், பாய் விரித்து. எந்த ஸ்கூல் டீச்சரும் வரலாம். அந்த வாரம் கையை விட்டுப் போன ஒரு பாடத்தோடு வர வேண்டும்... அவ்வளவுதான் விதி.

முதலில் சொன்னது அவரே. டார்ச், பந்து எல்லாம் வைத்துக் கிரகணம் காட்டலாம் என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். இருட்டானதும் கடைசி வரிசையில் பேய்க்கதை ஆரம்பித்துவிட்டதாம்.

"நெலா எங்க போச்சுன்னு எனக்கே தெரியலங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்து ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அடுத்த வாரம் வெயிலில் மைதானத்தில் பிள்ளைகளையே சூரியன், பூமி, நிலாவாக நிற்க வைத்து, வீடியோ எடுத்து வந்து காட்டினார்.

என் முறை வந்தபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். வாய்விட்டு வாசிக்கவே மாட்டாள். எழுப்பி நிறுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

மேரி டீச்சர் கொஞ்சம் யோசித்தார். உங்கள் போனை அவளிடம் கொடுத்து மரத்தடிக்கு அனுப்புங்கள், தனியாக வாசித்து ரெக்கார்ட் பண்ணட்டும், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கட்டும் என்றார். நாம் யாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தப் பெண் பீரியட் முடியும்வரை வரவில்லை. வந்தபோது போனைக் காதில் வைத்தபடி வந்தாள். "மிஸ், இது நானா?" என்று கேட்டாள்...

டெக்னாலஜி என்றால் அவருக்கு இதுதான். ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி, கேமரா கீழே பார்க்கும்படி போனை விளிம்பில் கவிழ்த்து வைத்து, புரொஜெக்டரில் இணைத்து, பிள்ளைகள் போட்ட கணக்கைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார். எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அப்புறம் அவர் பள்ளி இருந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலியானது. குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. பள்ளிக்கூடமும் இல்லாமல் போனது, அவருக்கு வேறு ஊரில் போஸ்டிங்.

அவர் வீடு வீடாகப் போன் போட்டு எந்தப் பிள்ளை எந்த ஸ்கூலில் சேர்ந்தது என்று விசாரித்தார். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஸ்கூல் டீச்சர்களையெல்லாம் ஒரு வீடியோ காலுக்குக் கூப்பிட்டார். எங்களையும்தான்.

ஒவ்வொரு பிள்ளையையும் அறிமுகப்படுத்தினார். இவனுக்குக் கணக்கு வரும், எழுதத்தான் சோம்பல். இவள் அப்பா இல்லாத பிள்ளை, கையெழுத்துக்கு அம்மாவைக் கேளுங்கள்...

"செல்விய மொத வாரம் கேள்வி கேக்காதீங்க. அவ வளக்கற ஆட்டப் பத்தி பேசுங்க. அப்புறம் அவ நிறுத்தவே மாட்டா."

ஒரு சார் குறுக்கிட்டார். கோபமாக இல்லை, அலுப்பாகத்தான். என் வகுப்பில் ஏற்கெனவே உட்கார இடமில்லை டீச்சர், ஒவ்வொருவரையும் எப்படித் தனியாகப் பார்ப்பது என்றார்.

அதற்கு மேரி டீச்சர் சொன்னார்.

"அதுங்க ஊரே இல்லாம போச்சு சார். புது எடத்துல பேர் சொல்லி கூப்புட ஒருத்தராச்சும் வேணுமில்ல."

அப்புறம் அந்த சார், "சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறேன்" என்றார்.

போன வருஷம் மேரி டீச்சருக்கு உடம்பு கெட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். கூட்டம் போனுக்கு மாறியது. அவர் வீடியோவை ஆஃப் செய்திருப்பார். யாராவது சொதப்பலைச் சொன்னால் மட்டும் மைக் ஆன் ஆகும், அந்தச் சிரிப்பு வரும்.

கடைசியாக வீட்டில் போய்ப் பார்த்தபோது உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. "கிளாஸ்ல என்னா நடந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றார்.

செய்யுள் நடத்தும்போது பாதி வகுப்பு ஜன்னல் வழியாகக் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொன்னு" என்றார். இன்னொன்று சொன்னேன். இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்...

இன்று பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். நாங்கள் வட்டமாக உட்காரும் ஹாலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

வாசலில் அவருடைய பழைய பள்ளிப் பிள்ளைகள். ஸ்கூலில் இருந்து நேராக வந்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு யூனிஃபார்மில். பார்க்க ஒரு ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே இல்லை. ஆனால் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வகுப்பில் இடமில்லை என்று சொன்ன அந்த சார்தான் கூட்டிவந்திருந்தார்.

நாளை காலை மந்தாரக்குப்பத்தில் நல்லடக்கம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாருங்கள் மேரி.

உங்களோடு பேச வேண்டும்போல இருக்கிறது... அவ்வளவுதான்.