காலண்டருக்குப் பின்னால் ஒரு வேலை

ஜார்ஜ் டவுனில் நான் தோசை சாப்பிடும் கடையின் முதலாளி, இரண்டு காதிலும் பேனா செருகியிருப்பார். எழுத வேண்டுமென்றால் மட்டும் என் பேனாவைக் கேட்பார்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு ஒரு சமையல் நிபுணரை வரவழைக்க, விசா எடுக்க அலைந்துகொண்டிருந்தார். முதலில் உள்ளூரில் ஆள் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டு ஆள் என்று விசா ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மின்விசிறிக் காற்றில் சுவர்க் காலண்டர் மேலே எழும்பியது. பின்னால் ‘சமையல்காரர் தேவை’ என்ற அறிவிப்பு.

“என்னண்ணே, இதைப் போய் மறைச்சு வெச்சிருக்கீங்க?”

“மெதுவா பேசுங்க தம்பி! ஒட்டணும்னுதான் சொன்னாங்க. யாராச்சும் படிக்கணும்னு சொல்லலையே லா.”

மறுவாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி தேதி கிழிக்கப் போனார். இத்தனை வருடமும் அந்தக் கடையில் சமைப்பவர் அந்த அக்காதான். காலண்டரே கையோடு வந்துவிட்டது. அறிவிப்பை நிதானமாகப் படித்தார். பிறகு அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

“நான் உள்ளூர் ஆளுதானே? சம்பளம்னு ஒன்னு போட்டிருக்கே. எழுதிக் குடுங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “தம்பி, பேனா இருக்கா?”

அக்கா அவர் காதிலிருந்தே ஒன்றை உருவிக் கொடுத்தார். அந்தப் பேனா எழுதும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.