காதக்கா கடை வாசலில் நிற்கும் காது

எங்கள் தெருவில் இரண்டு கால்களோடு ஒரு காது நிற்கிறது. முழங்கால் உயரம்தான். கம்பிவலை மேல் சிமென்ட் பூசி, கால்களுக்குப் பழைய ஷூ மாட்டியிருக்கிறது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்பது போலச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கத்துக் கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. காதைச் செய்து வைத்தவர் காது மெஷின் கடைக்கார அக்கா. அவருக்குக் 'காதக்கா' என்று பெயர் வைத்தவன் நான்தான்.

ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அதனாலோ என்னவோ, அடுத்தவர் ஆரம்பித்ததை அவரே முடித்து வைப்பார். காது டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, அங்கேயே அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டார். காதுக்குள் பசையை அடைத்து, இறுகியதும் உருவினால் அந்தக் காதின் வடிவம் வந்துவிடும். அதை வைத்துத்தான் மெஷினை மாட்டும் அச்சைச் செய்வார்கள். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. "கைரேகை மாதிரி தம்பி" என்பார். பதினோரு வருஷத்தில் தன் கையால் கொடுத்த அச்சு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தச் சிமென்ட் காதின் மேல் மஞ்சள் பூ ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. புதன்கிழமையும்.

"நல்லா காது கேக்க ஆரம்பிச்ச யாரோதான் நன்றிக்கு வைக்கிறாங்க, பாரேன்" என்றார் காதக்கா, முகமெல்லாம் பல்லாக.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நன்றியா? நீங்க காதுல பூ சுத்துறீங்கன்னு சொல்றாங்கக்கா!"

சொல்லியிருக்கக் கூடாது. என் கடையில் நகலெடுக்க நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது 'காதில் பூ சுற்றுகிற கடை' ஆகிவிட்டது. மறுநாள் மெஷின் வாங்க வந்த ஒருவர் பூவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படியேறாமலே போனார். காதக்காவின் பேச்சு குறைந்தது. "பதினோரு வருஷப் பேரு தம்பி. ஒரு பூவுல போயிடும் போலிருக்கு" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வைப்பது யார் என்கிற குறுகுறுப்பு மட்டும் போகவில்லை. சனிக்கிழமை இருவரும் சீக்கிரமே வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். எட்டரை மணிக்கு அடுத்த தெருத் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பையிலிருந்து பூவை எடுத்து வைத்தார். பின்னால் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கோணலை நேராக்கினார்.

காதக்கா ஒரே பாய்ச்சலாக வெளியே போய் அவர் முன்னால் நின்றார். "ஏம்மா, என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறீங்க? நான் என்ன பண்ணினேன்?"

காதக்காவிடம் வாங்கிய மெஷினைத் தையல்காரம்மா போட்டிருக்கவில்லை. காதக்காவின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மூணு தடவை வந்தேன். வலிக்குது, விசில் அடிக்குதுன்னு ஆரம்பிச்சேன். முடிக்க விட்டீங்களா? 'பழகிடும், பழகிடும்'னு அனுப்பிட்டீங்க. ஒரு தடவைகூட என் காதைப் பார்க்கல. நீங்க கேக்கல, அதான் சாமிகிட்ட முறையிடற மாதிரி பூ வச்சு, இதுகிட்டயாவது சொல்லிட்டுப் போறேன்." சிமென்ட் காதைக் காட்டினார். "நான் தைச்ச சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னு வந்தா பிரிச்சுத் தைப்பேன். பழகிடும்னா சொல்லுவேன்?"

காதக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, சொல்லாமல் மூடிக்கொண்டார். தையல்காரம்மாவைத் தன் கடைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். காதுக்குள் சிவந்து புண்ணாகியிருந்தது. அலமாரியில் அவர் பெயர் ஒட்டிய டப்பாவைத் தேடி எடுத்து, அதிலிருந்த பசை வடிவத்தையும் தையல்காரம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மெஷினின் அச்சையும் மேஜையில் சேர்த்து வைத்தார். எனக்கே தெரிந்தது, இரண்டும் ஒரே காது இல்லை.

"இது உங்களோடது இல்லம்மா" என்று அவர் முகத்துக்கு நேராக நிதானமாகச் சொன்னார். "நான் மாத்திக் கொடுத்திருக்கேன்."

தையல்காரம்மா அந்த அச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்னோடது யார் காதுல இருக்கு?"

தையல்காரம்மா வாங்கிய அதே நாளில் அச்சு வாங்கிப்போனவர் இன்னொருவர்தான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காதக்கா அவர் வீட்டுக்கு போன் போட்டார். டிரைவரின் மனைவி எடுத்தார்.

"அம்மா, சாருக்குக் காது வலிக்குதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மா உரக்கக் கத்திக் கேட்டது, ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார். குரல் இறங்கியிருந்ததால் காதக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டு மாசமா வலிக்குதாம்மா. எங்கிட்டகூடச் சொல்லல. 'அந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையா மாட்டி விட்டுச்சு. வலிக்குதுன்னு போய் நின்னா அது முகம் வாடிடும்'னு பேசாம இருந்துட்டாராம்."

காதக்கா அழுதுவிட்டார்.

"உடனே கழட்டச் சொல்லுங்கம்மா. இப்பவே வர்றேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்ன பேசினார்கள் என்று நான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியதும் தையல்காரம்மாவும் எழுந்து கூடவே போனார்.