சகலையின் பேருந்து நேரப் பக்கம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குள் அந்தத் தனியார் பேருந்து நுழையும்போதே அதன் நடத்துநர் படியில் நின்றபடி என்னைத் தேடுவார். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் கணினிக் கோப்புகளைப் பதியும் ஃபிளாப்பித் தட்டு ஒன்றை வைத்து, மேலே ரப்பர் பேண்டு சுற்றிய பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருக்கும். "வாத்தியாரே, விழுப்புரத்துலேர்ந்து உங்க சகல பிஸ்கெட்டு குடுத்தனுப்பிச்சாரு. டீல நனைச்சித் தின்னுடாதீங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் அதை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் இருவருக்கும் சொந்தமான ஒரு இணையப் பக்கம் இப்படித்தான் பேருந்திலேயே போய்வந்துகொண்டிருந்தது. அதில் இருந்ததும் பேருந்து நேரங்கள்தான்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். 1993இல் விழுப்புரத்தை அடுத்த காணையில் என் மாமனார் வீட்டில் நடந்த அவர் கல்யாணத்தில்தான் முதலில் பார்த்தேன். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் எழுத்தர். உரத்த குரல், எதைப் பற்றியும் ஒரு தீர்மானமான கருத்து, அது தவறென்று தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளாத பிடிவாதம். நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாமனார் வீட்டில் எல்லாரும் நெல்லையும் கரும்பையும் பற்றிப் பேச, பேச்சில் சேர முடியாத இரண்டு மருமகன்கள் நாங்கள். கம்ப்யூட்டர் எங்களைச் சேர்த்தது. அதுவரை மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள், பிறகு எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்ததும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவோம்.

பக்கத்தைத் தொடங்கும் யோசனை அவருடையது. நகரப் பேருந்து எப்போது வரும் என்பது எங்கள் ஊர்களில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. திருவெண்ணெய்நல்லூருக்கு அடுத்த வண்டி எப்போது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். அவர் விழுப்புரத்து நேரங்களைச் சேகரிப்பார். நான் திண்டிவனத்து நேரங்களை. அவரிடம் கணினி இருந்தது, இணைய இணைப்பு இல்லை. ஆகவே திருத்தியதை எனக்கு அனுப்புவார், நான் இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றுவேன். இருவரும் ஒரே சமயத்தில் திருத்தினால் ஒருவர் வேலை அழிந்துவிடும் என்பதால், ஃபிளாப்பி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கை வைக்கலாம் என்று ஒரு விதி வைத்திருந்தோம். இந்தக் காரியத்துக்கென்றே எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. அவற்றையெல்லாம் பழகியும் பார்த்தேன். எங்கள் பால் கவர் விதியைவிட எளிதாக ஒன்றை நான் கண்டதில்லை.

சகலை எல்லாவற்றையும் கையால் எழுதுவார். வெறும் எழுத்துத் திருத்தியைத் திறந்து, பக்கத்துக்கு வடிவம் கொடுக்கும் ஒவ்வொரு குறியையும் தானே தட்டுவார். மென்பொருள் எதுவானாலும் உள்ளே திறந்து பார்க்க முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. "சகல, நம்ம ஊரு பஸ்ஸுல இன்ஜின் டிரைவர் பக்கத்துலயே இருக்குதுல்ல? மூடிய தூக்குனா தெரியுது. அதும்மேல நாலு பேரு ஒக்காந்துகினும் வர்றான். அப்படி இருக்கணும் சாப்ட்வேரு" என்பார். அந்தக் கொள்கையில் வீட்டுக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். பிரிண்டர் வேலை செய்யவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. "ஃப்ரீன்னு சொல்லித்தான் போட்டாரு. இப்ப பாட்டும் இல்ல, வீட்டுக்கு ஒரு காய்கறி வாங்கியாரவும் ஆளு இல்ல" என்று என் கொழுந்தியாள் என் மனைவியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அவர் மட்டும் குறையே இல்லை என்று சாதித்தார்.

நானும் கட்டற்ற மென்பொருளில் மயங்கியவன்தான். வகுப்பில் கணக்கை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அறிவை அடைத்துவைக்கக் கூடாது, ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்துத் திருத்தி மேலே கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம். எங்கள் பக்கத்தின் அடியில் ஒரு வரியையும் நான்தான் எழுதினேன்: இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், வேறிடத்தில் வைக்கலாம்; முதலில் செய்தவர்கள் பெயரை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் அவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "தருமப் பிரபு" என்று கிண்டல் செய்தார்.

பிறகு எனக்கு ஆசை வந்தது. சென்னையில் நடைபாதையில் ஒரு குறுந்தகடு வாங்கினேன். பக்கம் செய்யும் மென்பொருள், திருட்டுப் பிரதி. வகுப்பில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டில் அதைத்தான் ஓட்டினேன் என்பதை இப்போது மறைக்க ஒன்றுமில்லை. குறியே எழுத வேண்டாம், படங்களை இழுத்துப் போட்டால் போதும். எங்கள் பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பேருந்து இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கியது. ஊர்ப் பெயரைத் தொட்டால் பட்டியல் விரியும். நேர அட்டவணை முழுவதும் ஒரு நிரலுக்குள் போயிற்று. அது ஓடி முடித்த பிறகுதான் நேரங்கள் தெரியும். கல்லூரியில் எல்லாரும் பாராட்டினார்கள். சகலை மட்டும் போனில், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது சகல. பஸ்ஸு எப்ப வரும்னு எங்க இருக்குது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் அனுப்பும் திருத்தங்களை ஏற்றுவதில் தாமதம் செய்தேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். அதற்குள் அவர் வீட்டுக்கும் இணைப்பு வந்திருந்தது. "கோவிச்சிக்காதீங்க சகல. நம்ம பழைய பக்கத்த எடுத்து வேற எடத்துல போட்டு ஓட்டிக்கினு இருக்கறேன். நீங்கதான் எழுதியிருக்கீங்களே, யார் வேணா எடுத்துக்கலாம்னு."

"அது ஊருல இருக்கறவனுக்கு எழுதினது. வீட்டு மனுஷனுக்கு இல்ல" என்றேன்.

மறுமுனையில் அவர் சிரித்தார், நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் போனை வைத்துவிட்டேன்.

மென்பொருள் உலகில் இது தினமும் நடப்பது. ஒருவர் போகும் வழி பிடிக்கவில்லையென்றால், மற்றவர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தன் வழியில் போகலாம். யாரிடமும் எதுவும் குறைவதில்லை, யாரும் அதைத் துரோகம் என்பதில்லை. புத்தகத்தில் படித்து மாணவர்களுக்கும் சொன்னவன் நான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த வீடுகளில் பிரிவது என்றால் அடுப்பு பிரிவது, வரப்பு பிரிவது, நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருப்பது. எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு நகலை எடுத்ததற்காக, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவரிடம் இருப்பதுபோல அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

அவர் விழுப்புரத்தில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தது அந்த ஆண்டுகளில்தான். வந்து நேரில் அழைத்தார். வருகிறேன் என்றேன். அன்றைக்குக் காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். என் மனைவி சீர் வரிசையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பேருந்தேறினாள். மாலையில் எனக்கென்று அவர்கள் வைத்த வேட்டி துண்டோடு திரும்பிவந்தாள். "காய்ச்சல் எப்படி இருக்குதுன்னு எல்லாரும் கேட்டாங்க. நான் கூசாம பொய் சொன்னேன்" என்றாள். சமையலறை வரை போனவள் திரும்பிவந்து, "நீங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டருக்குள்ள சண்ட போட்டுக்குங்க. அக்கா தங்கச்சி எங்க ரெண்டு பேர எதுக்கு அதுல இழுக்கறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தங்கையிடம் பேச வேண்டுமென்றால் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசினாள். சொந்த வீட்டில் அவளை அப்படி ஒளிந்து பேச வைத்தேன். என் வாழ்நாளில் திரும்ப வாங்க முடியாத ஆண்டுகள் அவை, அவளுடைய ஆண்டுகள்.

விடைத்தாள் திருத்தும் வேலைக்காக ஒருமுறை விழுப்புரம் போயிருந்தேன். மாலையில் மின்னஞ்சல் பார்க்கப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மருத்துவமனைப் பையோடு வாசலில் நின்று, "தம்பி, திண்டிவனம் போயி மரக்காணம் வண்டிய புடிக்க முடியுமா பாத்து சொல்லு" என்றார். கடைக்காரர் ஒரு பக்கத்தைத் திறந்தார். தட்டியதும் வந்தது. படம் இல்லை, நிறம் இல்லை, ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர்களும் நேரங்களும் மட்டும். "இப்ப நிக்கிற வண்டியில ஏறிக்கம்மா. ஜல்தியா போ, புடிச்சிடலாம்" என்றார். அந்த அம்மா ஓடினார்.

இன்னொரு பக்கம்கூட இருக்கிறதே என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"இருக்குது சார். பஸ் படம்லாம் ஓடும். பேஜாரு அது. அத்த தொறந்தா நம்ம சிஸ்டம் தூங்கிப் போவுது. அது முழிக்கறதுக்குள்ள பஸ்ஸு விக்கிரவாண்டியத் தாண்டிடும்."

அவர் எழுந்துபோனதும் அந்த இருக்கையில் உட்கார்ந்து பக்கத்தின் அடி வரை பார்த்தேன். நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே, முதலில் செய்தவர்கள் என்று இரண்டு பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. பேச்சில்லாத அத்தனை காலமும், விழுப்புரத்தில் யாரோ ஒருவர் பேருந்து பார்த்த ஒவ்வொரு முறையும், அவர் என் பெயரை முன்னால் வைத்தே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம், நடந்து போகிற தூரம்தான். தைரியம் வரவில்லை. திண்டிவனத்துக்குத் திரும்பி வேறொன்று செய்தேன். அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது: தமிழ் இல்லை. எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத காலத்தில் ஆங்கில எழுத்தே போதும் என்று அவர் முடிவு செய்தார். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வந்து வெகுநாளாகியும் அதே பிடிவாதம். அவர் பக்கத்தை எடுத்து, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் தமிழாக்கி, அழகான ஒரு எழுத்துருவையும் சேர்த்து, ஒரு திருத்தமாக மின்னஞ்சலில் அனுப்பினேன். நலம் விசாரிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்புவதுபோல.

மறுநாள் பதில் வந்தது. "வணக்கம். திருத்தத்துக்கு நன்றி. தமிழ் வேண்டும் என்பது சரி, நான் செய்யாதது தப்பு. ஆனால் இதைச் சேர்க்க முடியாது. எழுத்துரு கனமாக இருக்கிறது, பக்கம் திறக்க நேரமாகும். செல்போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆகவே ஆங்கிலத்தை எடுக்க வேண்டாம், தமிழைத் தனிப் பக்கமாக வையுங்கள். சின்னதாகச் செய்து அனுப்புங்கள்."

அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவது கடினம். அவர் நினைத்திருந்தால் மூத்த சகலை என்ற மரியாதைக்கு அப்படியே சேர்த்திருக்கலாம். பழி தீர்க்க, பதிலே போடாமலும் இருந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல், வேலையை வேலையாகப் பார்த்து, எது சரி எது சரியில்லை என்று சொன்னார். நான் அவருக்குக் கொடுக்காத மரியாதை அது. எழுத்துருவைத் தூக்கிப் போட்டேன். தமிழைத் தனிப் பக்கமாக்கி மீண்டும் அனுப்பினேன். சேர்த்தார். அன்று மாலை போன் அடித்தது. என் மனைவி எடுத்து என்னிடம் நீட்டினாள். "சகல, ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. கறி எடுக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். பால் காய்ச்சிய அன்றைக்கு மட்டும் நான் அங்கே இல்லை. அதை எதனாலும் சரிசெய்ய முடியாது.

இணையப் பக்கம் செய்வதில் இப்போது ஆண்டுக்கொரு கருவி வருகிறது. போன ஆண்டு கற்றது இந்த ஆண்டு பழையது என்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருப்பதால் ஒன்றிரண்டைப் பார்க்கிறேன். நல்லவையும் உண்டு. ஆனால் எதைப் பார்த்தாலும் அந்தக் கடை வாசலில் நின்ற அம்மாவை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: அவர் ஓடிப்போய் வண்டியைப் பிடித்திருப்பாரா? கட்டற்ற மென்பொருளைப் பற்றியும் முன்புபோல மேடைப் பேச்சு பேசுவதில்லை. கொடுத்ததைப் பிறர் எடுக்கும்போது பொறுத்துக்கொள்வது, கொடுப்பதைவிடக் கடினமானது. அதை நான் கற்றுக்கொள்ள ஆன செலவு முழுவதையும் என் மனைவியும் அவள் தங்கையும் ஏற்றார்கள்.

சகலைக்கு இப்போது கண் சரியில்லை. அறுவை முடிந்தும் திரையை நெடுநேரம் பார்க்க முடியவில்லை. பக்கத்தை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாக என் கொழுந்தியாள் சொன்னாள். நான் பேருந்தேறி விழுப்புரம் போனேன். "அந்தப் பக்கத்த நான் எடுத்து நடத்தட்டுமா சகல?" என்று கேட்டேன்.

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? கேக்கவே வாணாமே."

"வீட்டு மனுஷன்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்."

"எடுத்துக்குங்க. ஆனா தப்பு எதுனா பட்டா நானும் திருத்தி அனுப்புவேன். நல்லா இல்லன்னா சகலன்னு பாக்காம வாணாம்னு சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார், மருமகளை அருகில் வைத்துத் தட்டச்சு செய்யச் சொல்லி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சேர்க்க முடியாது என்று எழுதி, ஏன் என்பதையும் எழுதி அனுப்பினேன்.