ஆறாம் நம்பர்

ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறதும் ஒரு தொழில்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் டொக்டர்மாரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, பார்க்கிற ஓர் இடத்தில், மனநல டொக்டரின் கதவடியில் அதைச் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் நம்பர் மட்டும் மூன்று பாஷையிலும் வரும்.

இந்தத் தொழிலை வைத்து எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் தம்பிராசா, என் மனைவியின் தமையன். உண்மைப் பெயர் அதில்லை. எங்கள் கதவடியில் பெயர் சொல்லுகிற பழக்கம் கிடையாது. என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அவன், “தேப்பன் விசர் டொக்டரிட்டத்தான் நிக்கிறார், ஏனெண்டு நீங்களே விசாரியுங்கோ” என்று சொன்னான். அவர்கள் விசாரிக்கவில்லை, எனக்குப் பைத்தியம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகள் பிறகு வேறிடத்தில் கலியாணம் செய்து நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் “நான் சொன்னது பிழை” என்ற ஒரு சொல்லுக்காக ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு மச்சான் இருப்பான். இல்லாவிட்டால் உங்களுக்கு ஏன் நித்திரை வருவதில்லை?

சொட்டு மருந்து

எங்கள் அறைக்குப் பக்கத்து அறை கண் டொக்டருடையது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கண் டொக்டரின் கதிரைகளில்தான் போய் இருப்பார்கள். தெரிந்தவர் யாராவது படியேறி வந்தால் கண்ணாடி மாற்ற வந்ததாகச் சொல்லிவிடலாம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிற மனிதர் ஒருநாள் அப்படி இருந்தார். கண் டொக்டரின் ஆள் “நாலு” என்றதும், எங்கள் நாலாம் நம்பர் துண்டுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு இவர் எழும்பிப் போய்விட்டார். அங்கே அண்ணாந்து பார்க்கச் சொல்லி இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். நான் வந்தது இதற்கில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

கண்ணால் நீர் வழிய, சுவரைத் தடவித் தடவி என் கதவுக்கு வந்தார். நான் பதறிப்போய் அவரைப் பிடித்து இருத்தினேன்.

“பரவாயில்லை அண்ணை, எப்பிடியும் உள்ளுக்குப் போய் அழத்தானே வந்தனான்.”

கையில் தந்த போன்

மனம் சரியில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ‘கேஸ்டிரிக்’ என்பார்கள், ‘நெஞ்சு படபடப்பு’ என்பார்கள், ‘ஒரே யோசனை’ என்பார்கள். யாருக்கு எந்தச் சொல் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒருகொடவத்தையில் லொறிகள் வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர் எந்தச் சொல்லும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது போனை என் கையில் தந்து, “அடிச்சா எடுக்க வாணாம்” என்றார்.

அது அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. கதிரையில் வைத்தேன், நண்டு மாதிரி நகர்ந்து விளிம்புக்கு வந்தது. பிறகு அது அடிக்காத நேரத்திலும் அடிக்கிற மாதிரியே எனக்குக் கேட்டது. அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்ப வெளங்குதா ஐயா, நான் ஏன் வந்த எண்டு?”

தாயும் மகளும்

பக்கத்துத் தொடர்மாடியிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்தார். மகள் வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டரில் வேலை செய்கிற பிள்ளை. “சாப்பிடுறாளில்லை, நித்திரை கொள்ளுறாளில்லை” என்று தாய் முழுவதையும் எனக்கே சொல்லி முடித்துவிட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் மகள் மட்டும் வெளியே வந்தாள். உள்ளே தாயின் குரல் நிற்கவேயில்லை. கனடாவுக்குப் போன மகனைப் பற்றி ஏதோ சொல்வதும் அழுவதும் கேட்டது. கதவுக்கு வெளியே கேட்பதை மறந்துவிடுவதும் என் வேலையில் சேர்த்தி.

அந்தப் பிள்ளை பையிலிருந்து பிஸ்கற் எடுத்து எனக்கும் ஒன்று நீட்டி, நன்றாகச் சாப்பிட்டது. சாப்பிடாத பிள்ளை என்றல்லவா சொன்னார்கள் என்று கேட்டேன்.

“எனக்கொண்டுமில்லை ஐயா, தனக்கெண்டு சொன்னா அம்மா வரமாட்டா.”

தம்பிராசா

போன மாதம் தம்பிராசாவின் மனைவி எனக்கு போன் எடுத்தார். நுகேகொடையில் வைத்திருந்த கடையை மூடியதிலிருந்து அவன் கட்டிலை விட்டு எழும்புகிறானில்லை, ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்று கேட்கத் தொடங்கிவிட்டான் என்று சொல்லி அழுதார். அன்றைக்கே நம்பர் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு ஒன்று நடந்தால் அந்தச் சொல்லை எனக்கு யார் சொல்லுவது?

வந்தான். சேர்ட் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தான். கண் டொக்டர் வரிசையில் இருந்தவன், என்னைக் கண்டதும் எழும்பிப் படியை நோக்கி நடந்தான். பெயரைச் சொல்லிக் கத்தினால் மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இப்படி ஒரு நாளை நினைத்து நினைத்து எத்தனையோ இரவு படுத்திருக்கிறேன். ஆனால் கத்தினால் அவன் இறங்கிப் போய்விடுவான். பிறகு வரவே மாட்டான். கிட்டப் போய், மெதுவாக, “ஆறு” என்றேன்.

நின்றான். கண் கலங்கிவிட்டது.

“எப்பிடி மச்சான் ஆறுறது?”

“நம்பரைச் சொன்னனான். ஆறாம் நம்பர் நீதான்.”

“உள்ளுக்குப் போய் என்னத்தைச் சொல்லுறது?”

“நித்திரை இல்லையெண்டு சொல்லு. மிச்சத்தை அவர் கேப்பார்.”

கதவைத் திறந்து பிடித்தேன். முக்கால் மணித்தியாலம் உள்ளே இருந்தான். ஏழாம் நம்பர் என்னை ஏசினார். வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்பது வருடத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“மச்சான், நான் இஞ்ச வந்ததை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

இப்போது அவன் ஒழுங்காக வருகிறான், நானும் ஒழுங்காகக் கூப்பிடுகிறேன், எனக்கு வரவேண்டிய அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இன்னும் நம்பர் விழவில்லை.