அயலிலிருந்து வந்த நட்சத்திரங்களும் மறிச்சுக்கட்டிச் சஹன் சோறும்

காலை ஏழு மணிக்கு மன்னாரில் மறிச்சுக்கட்டி பஸ் ஏறினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். யன்னலோரம் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். மன்னார்த் தீவைக் கடப்பதற்குள் கடல்காற்று என் தலையை ஒருவழி பண்ணிவிட்டது. சிலாவத்துறை தாண்டும்வரை கதைக்க வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பிப்பவள். மன்னாரில் நான் எடுத்த வகுப்புக்கு வந்த, நட்சத்திரங்களை ஆராயும் ஆசை கொண்ட ஷிபானாவுக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதிய வேண்டும். அவளுடைய வாப்பா நஜீம் நானா இன்னும் ஓம் சொல்லவில்லை. "ஒருக்கா வந்து கதைங்கோ மிஸ்" என்று போனில் அழுதாள். அதற்குமேல் எப்படிப் போகாமல் இருப்பது?

அவர்கள் வீட்டில் பகல் ஒரு மணிக்குச் சஹன் வந்தது. பெரிய தட்டு ஒன்றில் சோறு, சுற்றிவர நானும் ஷிபானாவும் அவளுடைய உம்மாவும். பசியில் எட்டி, உம்மாவின் பக்கத்துக் கோழித்துண்டை எடுத்துவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கட பக்கத்தில சாப்பிடுங்கோ மிஸ், இறைச்சிய நாங்க தள்ளித் தருவம்." தள்ளியும் தந்தார், நிறைய. அந்த ருசியை என்னென்று சொல்ல!

நஜீம் நானா வாசலில் கதிரை போட்டு இருந்தார். "நட்சத்திரத்தில என்ன கிடக்கெண்டு பாத்து என்ன செய்யிற?"

சோற்றுக் கையோடேயே சொன்னேன். நம் பால்வீதி முன்பு சின்ன விண்மீன் மண்டலங்களை விழுங்கியிருக்கிறது. அவற்றின் நட்சத்திரங்கள் இப்போது நம்முடையவற்றோடு கலந்து கிடக்கின்றன. ஆனால் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: மக்னீசியம் குறைவாக இருக்கும், அதோடு ஒப்பிட்டால் யூரோப்பியம் போன்ற பாரமான தனிமங்கள் கூடுதலாக இருக்கும். பிறந்த இடத்தின் அடையாளம் அழிவதில்லை.

அவர் முகம் மாறியது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஒரேயடியாக இங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. "அகதியாப் போன புத்தளத்தில எங்களை மன்னாரான் எண்டாங்க. திரும்பி வந்தா, புத்தளத்தான் எண்டுறாங்க. இவளையும் போற இடத்தில கேப்பாங்க. அதான் மிஸ் எனக்குப் பயம்." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்த நட்சத்திரங்களை, நீ எங்கட இல்லை, போ எண்டு சொல்லுவாங்களா?"

ஷிபானாதான் முந்திக்கொண்டாள். "இல்ல வாப்பா. எங்க பிறந்திருந்தாலும் அது இப்ப பால்வீதிதான். ஆரும் போகச் சொல்லேலாது."

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "திங்கக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போறன்."

நான் கண்ணைத் துடைக்கப் போய், கறிக்கை பட்டு எரிந்ததுதான் மிச்சம்.

மூன்றரை மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட அவரே வந்தார். உம்மா கட்டித் தந்த சோற்றுப் பொதி என் மடியில் சுடச்சுட இருந்தது. இத்தனை அன்புக்கு எப்படி நன்றி சொல்வதென்று நான் தடுமாற, பஸ் புறப்பட்டது. நஜீம் நானா கூடவே நாலடி ஓடிவந்து கொண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னார்:

"தம்பி, கவனமா இறக்கிவிடுங்கோ. எங்கட ஆள்."