எனக்காக எரிந்த கேஸ்

தொண்ணூறுகளின் கடைசி. வீட்டுக் கரிப்புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி, புனேயில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். நான் தங்கியிருந்த ஔந்த்திலிருந்து ஸ்கூட்டரில் பக்கத்துப் பகுதியான போபோடிக்குப் போய், தமிழ்க் குடும்பங்களைச் சந்தித்துக் கேள்வித்தாள் நிரப்புவேன்.

அப்படிப் போன ஒரு வீடு செல்வியுடையது. அவர் கணவர் பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அவருக்கு அந்த நோய். செல்வி கேஸ் அடுப்பில் எனக்கு டீ போட்டார். அதைப் பார்த்தபடியே "எரிபொருள்: கேஸ்" என்று எழுதிவிட்டேன். வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை.

ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் மறுவாரம் சொல்லாமல் போய் நின்றேன். அறை முழுக்கப் புகை. அங்கே ஷெகடி என்று சொல்லும் கரியடுப்பில் சோறு கொதித்தது. கேஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கட்டிலில் கணவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"கேஸ்ல சமைக்கிறதில்லையா செல்வி?"

"சிலிண்டர் சீக்கிரம் தீந்துடும் மேடம். யாராச்சும் வந்தாத்தான் அது. உங்களுக்குப் புகை ஒத்துக்காதேன்னு அன்னிக்குப் பத்த வச்சேன்" என்றவர், அவசரமாக அந்தத் துணியை எடுக்கப் போனார்.

"வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பையிலிருந்த தாள்களில் எத்தனை "கேஸ்" என் டீக்காக மட்டும் எரிந்ததோ! எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனேன். ஆய்வு தள்ளிப்போனது; பிறகு பட்டமும் வந்தது.

ஆனால் இன்றும் உறுத்துவது வேறு. நுரையீரல் கெட்டவர் கட்டிலில் கிடக்க, அந்த வீட்டு கேஸ் எரிந்தது நன்றாக மூச்சுவிடும் எனக்காக.