பாதர்ஸ்ட் வீதிக் கோட்டையும் குணத்தின் திங்கட்கிழமையும்

1976 ஆகஸ்ட், ஞாயிறு. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒஷாவாவில் பஸ் ஏறினோம். ரொறன்ரோ நாற்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. கூட வந்தவன் குணம், என் மனைவியின் தம்பி. சுற்றிப்பார்க்க வந்தவனின் விசா முடியப் போகிறது. நீட்டித் தரும்படி கேட்டிருந்தோம்; மறுநாள் காலை ரொறன்ரோ குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம். இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவன் நான். மொன்றியலில் இருக்கும் அவனுடைய கூட்டாளி ஒருவனோ, "அங்க போகாதை, இங்க வந்து ஒளிச்சிரு" என்று தொலைபேசியில் ஓதிக்கொண்டே இருந்தான். இவன் ஓடிவிடுவானோ என்ற பயத்தில் எனக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

அவன் மனதை மாற்றலாம் என்று, "கோட்டையைப் பாப்பம்" என்றேன். முகம் செத்துப்போயிற்று.

"கோட்டைக்கோ? என்னத்துக்கு அத்தான்?"

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோட்டைக்குள்தான் சிறைச்சாலை. ஒருவனைக் கோட்டைக்குக் கொண்டு போனார்கள் என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

"விசரா, இது மியூசியம்" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மூன்று மணி. ஆளுக்கு ஐம்பது சதம் கொடுத்து, பாதர்ஸ்ட் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் தெற்கே போய் இறங்கினோம். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் தலைக்கு மேலே விரைவுச்சாலை. நடுவில் புல் முளைத்த மண் அணை, அதற்குள் தாழ்வான சில கட்டடங்கள். நுழைவு ஆளுக்கு ஒரு டொலர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய எங்கள் பெரிய கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு, இதுவும் கோட்டையா என்றிருந்தது.

ஏரிக்கரைத் துறைமுகத்தைக் காக்க 1793இல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அன்று ஏரி இதன் காலடியில் கிடந்ததாம். பிறகு கரையை மண் போட்டுத் தூர்த்துத் தூர்த்துத் தண்ணீரைத் துரத்திவிட்டார்கள். இன்று பீரங்கிகள் கார்களைக் குறிபார்க்கின்றன. 1813இல் அமெரிக்கர் வந்து இறங்கியபோது, பின்வாங்கிய ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். பறந்த கற்கள் பட்டு ஏராளமானோர் செத்தார்கள். இதையெல்லாம் குணத்துக்கு நான் உற்சாகமாக விளக்கினேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்து மணி. அந்தக் காலத்துச் சிப்பாய் மாதிரிச் சிவப்புக் கோட்டுப் போட்ட வேலையாள் ஒருவர், நேரமாகிவிட்டது என்று சொல்லியபடி பெரிய மரக்கதவில் ஒரு பாதியைச் சாத்தினார். கதவு கிரீச்சிட்டது. அவர் குணத்தின் தோளில் நட்பாகக் கை வைத்தார். அவ்வளவுதான், பயல் எடுத்தான் ஓட்டம்!

ஐயோ, அந்த ஒரு மணி நேரம் நான் பட்டபாடு! ரயில் பாதையைப் பார்த்தேன், விரைவுச்சாலைக்குக் கீழே தேடினேன், கத்திக் கூப்பிட்டேன். பிறகுதான் மொன்றியல் பஸ் நினைவுக்கு வந்தது. டாக்சி பிடித்து பே வீதி பஸ் நிலையத்துக்குப் பறந்தேன். அக்காக்காரிக்கு என்ன பதில் சொல்வேன்?

அங்கே பயணிகள் இருக்கும் வாங்கொன்றில் குணம் தலை குனிந்தபடி இருந்தான்.

"பஸ் போயிட்டுது அத்தான். நான் ஏறேல்லை."

அடிக்க ஓங்கிய கை தானாக இறங்கியது. "ஏன்ரா?"

"கதவு சாத்தின சத்தத்தோட மூளை நிண்டுபோச்சு. இங்க வந்து இருந்தாப் பிறகுதான் நீங்கள் சொன்ன கதையை யோசிச்சன். ஓடினவங்கள் கொளுத்திப்போட்டெல்லே ஓடினவங்கள். நான் ஓடினால் உங்கட வீட்டிலதான் வெடிக்கும்."

"எழும்படா, சாப்பிடுவம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள். அலுவலக வாசலில் காத்திருந்தேன். உள்ளே போனவன் வருவதாகக் காணோம். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் ஆகும்போது வந்தான்.

"ஆறு மாசம் தந்திருக்கினம் அத்தான்!"

"அப்பாடா! சரி, வீட்டை போவமோ?"

"இல்லை. கோட்டைக்குப் போவம். நேற்று நான் ஒண்டும் பாக்கேல்லை."

ஊரில் கோட்டைக்குப் போவோம் என்று ஆசைப்பட்டுக் கேட்ட ஒருவனை நான் கண்டதில்லை. மறுபடியும் ஆளுக்கு ஒரு டொலர் கொடுத்தேன். பீரங்கி பீரங்கியாகத் தொட்டுப் பார்த்தான். ஐந்து மணிக்கு அதே சிவப்புக் கோட்டுக்காரர் ஒரு பாதியைச் சாத்திவிட்டுக் கதவடியில் நின்றார். குணம் அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். நாங்கள் வெளியே வந்ததும், கதவின் மற்றப் பாதியைக் குணமே இழுத்துச் சாத்தினான்.